சிம்மமுக மனை

இப்போது யார் வேலி போடுகிறார்கள்? பத்திரம் பதிந்த வாரத்திலேயே சுற்றுச்சுவர் எழும்பி, அதன் தலையில் கேமராவும் உட்கார்ந்துவிடுகிறது. கல்கால் என்றால் என்ன என்று என் பேத்தி கேட்கிறாள். காலை நடைக்கு வந்துவிட்டு, பாதி நேரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் நமக்குத்தான் அது தெரியும். ஆள் உயரத்துக்கு ஒல்லியாக உடைத்தெடுத்த கருங்கல் தூண்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்துக் கட்டிய முள்கம்பி. நம் பாவாடையும் டிரவுசரும் அதில் கிழியாமல் நாம் வளரவில்லை.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் எங்கள் பழைய மனையை அளந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கோடை விடுமுறைதான் மனதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. வாடகை வீட்டில் தண்ணீருக்குச் சண்டை போட்டு அலுத்துப்போய், காட்டுப்பாக்கத்தில் புதிதாகப் போட்ட லேஅவுட்டில் ஒரு மனை வாங்கி, ஓடு போட்ட சின்ன வீடு கட்டிக் குடிவந்தோம். அது பள்ளமான பூமி. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்று, மனை போட்டவர் மலைப்பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாகக் கல்லைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கிவிட்டார். மேலே ஒரு சாண் செம்மண் தூவி விற்றுவிட்டார். சில கல் ஆட்டுக்குட்டி அளவு, சில கல் மாடு படுத்த மாதிரி, பல இடத்தில் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். அப்பா மட்டும் எல்லோரிடமும் 'மேட்டு மனை' என்று பெருமையடித்துக்கொள்வார். அந்த மேட்டில் அம்மாவால் ஒரு முருங்கைக் குச்சியைக்கூட ஊன்ற முடியவில்லை.

அந்த லேஅவுட்டில் அப்போது குடிவந்திருந்தவை இரண்டே குடும்பம். ஒன்று நாங்கள். இன்னொன்று பக்கத்து மனையில், பூந்தமல்லியில் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தவர் குடும்பம். சாலையில் போகிறவர்கள் அவர்களை பாய் என்றும் பாயம்மா என்றும் சொல்வார்கள். எனக்கு அவர்கள் பெரியப்பா, பெரியம்மா. அம்மாவுக்குப் பெரியம்மா 'அக்கா'. அவர்களுக்கு என்னைவிடச் சின்னவனாக ஒரு பையன் இருந்தான், மூக்கு ஒழுகிக்கொண்டே என் பின்னால் திரிவான்.

பெரியம்மா ஒருநாளும் எங்கள் வாசல் வழியாக வந்ததில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து எங்கள் சமையலறைக்குக் கல்லுக்குக் கல் தாவி நேராக வந்துவிடுவார். முந்தானையில் எப்போதும் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். நடந்து வரும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். "இன்னாடியம்மா, அடுப்ப மூட்டிட்டியா? எங்கூட்ல இன்னிக்கு நெத்திலிதான்." அம்மா பதில் சொல்வதற்குள் அம்மியருகே உட்கார்ந்து பாதி மிளகாயை அரைத்து முடித்திருப்பார். அந்தப் பஞ்சு எங்கள் குழம்பில் மிதக்கிறது என்று அப்பா கேலி செய்வார். அம்மாவுக்கு அந்த ஊரில் பேச்சுத்துணை என்றால் அவர் ஒருவர்தான்.

நான் சொல்லும் கோடைக்கு முந்தைய தை மாதம் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளைக் குளிப்பாட்டியது பெரியம்மாதான். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கவிழ்த்துப் போட்டு வெந்நீர் ஊற்றுவார். அவளுக்கென்றே இலவம்பஞ்சில் முழங்கை நீளத்துக்கு ஒரு மெத்தையும் தைத்துக் கொண்டுவந்திருந்தார், ஓரத்தில் பச்சை நூலில் தையல் போட்டு. தங்கை ஒரு மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், திரும்பி வரும்போது அம்மாவின் கையில் துணி மட்டும் இருந்தது. அந்த மெத்தையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அழுததால், பெரியம்மாவே ஒருநாள் அதை எடுத்துப்போய்விட்டார். பிறகு அது என்ன ஆனதோ தெரியாது. வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பேசவில்லை.

அப்பாவின் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் திசை காட்டும் கருவி. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் மனையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல், இது சிம்மமுகம், கடை வைக்கலாம், குடித்தனம் ஆகாது, குஞ்சு குளுவான் தங்காது என்றார். பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் ஒடுங்கியும் இருந்தால் கோமுகம், அதுதான் வீட்டுக்கு லட்சணமாம். குஞ்சு குளுவான் என்று அவர் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. லேத்தில் தலைமுடி அளவு பிசகினாலும் பொருளைத் தூக்கி எறிகிற மனிதர், அன்று அந்த விபூதிக்காரர் சொன்னதை அப்படியே விழுங்கிக்கொண்டார். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மனிதர் வேறு எதைத்தான் பிடித்துக்கொள்வார் என்றும் தோன்றுகிறது.

மனையின் வடிவத்தை மாற்ற ஒரே வழி வேலி. ஒரு பக்கம் ஏற்கெனவே யாரோ சுவர் எழுப்பியிருந்தார்கள். ஆகவே பெரியப்பா மனையை ஒட்டிய பக்கத்தில்தான் எல்லைக்கோட்டை மாற்ற முடியும். பின்பக்கம் எல்லைக்கல்லிலேயே ஆரம்பித்து, முன்னால் வர வர எங்கள் மனைக்குள்ளேயே சாய்த்து, தெருவுக்கு வரும்போது ஒரு கட்டில் போடுகிற அகலத்தை வெளியே விட்டுவிடுவது என்று முடிவானது. அந்தப் பக்கத்தில் வழி, கேட் எதுவும் வைக்கக் கூடாது என்பது விபூதிக்காரரின் கூடுதல் உத்தரவு. அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து கேட்டாள். "அக்கா வர்றதுக்கு ஒரு ஆள் நுழையற சந்தாவது விடக் கூடாதா?" அப்பா, "அப்பறம் பாக்கலாம்," என்றார். நம் வீடுகளில் அப்புறம் பார்க்கலாம் என்று சொன்ன எதை யார் பார்த்திருக்கிறார்கள்?

மே மாத வெயிலில் கல்கால்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. வேலி போடுகிற மேஸ்திரியும் அவர் மனைவியும் வந்தார்கள். அப்பா எல்லைக்கல்லை விட்டுவிட்டு உள்ளே தள்ளி நூல் கட்டியதைப் பார்த்து மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா சார், கல்லு அங்க கீது, நீ இங்க நூல் புடிக்கிற? அவனவன் அடுத்தவன் எடத்துல பூந்து நட சொல்லுவான். சொந்த எடத்த தள்ளி உடுற ஆள இப்பதான் பாக்கறேன்."

"நான் சொல்ற எடத்துல நோண்டுய்யா," என்றார் அப்பா.

நோண்டுவது சுலபமாக இல்லை. செம்மண்ணைத் தாண்டியதும் கடப்பாரை ணங்கென்று நிற்கும். அந்தச் சத்தம் பல்லில் கூசும். கடப்பாரை மழுங்கி மழுங்கி, தினமும் சாயங்காலம் மேஸ்திரி அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவார். சின்னக் கல்லைப் புரட்டி எடுத்துவிடலாம். மாடு படுத்த மாதிரிக் கல் வந்தால் குழியை நகர்த்தலாம் என்பார் மேஸ்திரி. அப்பா கோடு விலகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்பார். அப்புறம் கல்மேல் நெருப்பு மூட்டுவார்கள். நன்றாகப் பழுத்ததும் மேஸ்திரி மனைவி குடத்துத் தண்ணீரைச் சடாரென்று ஊற்றுவாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பி, உள்ளே எங்கேயோ பட்டென்று விரியும். நானும் பெரியம்மா வீட்டுப் பையனும் அந்தப் பட் சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்போம்.

அந்த நெருப்புக்கு எரிக்க என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பெரியப்பா கடையில் பழைய மெத்தைகளைப் பிரித்த கழிவு. மக்கிய பஞ்சு, தேங்காய்நார், கிழிந்த உறை எல்லாவற்றையும் மூட்டை கட்டி அவரே சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் குழிகளின் பக்கத்தில் போட்டார். "எரிக்க கட்டைக்கு எங்க போவ தம்பி, இத வச்சிக்க," என்றார். யார் யாரோ படுத்துத் தூங்கிய பஞ்சு எங்கள் கல்லைப் பிளந்தது. அந்தக் கருகல் நெடி எங்கள் துணியில், சோற்றில், அம்மா தலைமுடியில் எல்லாம் ஏறியிருந்தது. இன்றைக்கும் எங்கேயாவது தேங்காய்நார் கருகினால் நான் காட்டுப்பாக்கத்துக்குப் போய்விடுவேன்.

பெரியப்பா மனைப் பக்கத்துக் குழிகளை ஆரம்பித்த அன்றுதான் அது நடந்தது. பக்கத்துப் பக்கத்து மனைக்காரர்கள் நடுவேலியைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வேலி இரண்டு வீட்டுக்கும் சொந்தம். அவரைக்கொடி எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நடுவுல போறது நம்ம ரெண்டு பேருக்கும் பொது. பாதிக் கல்லு நான் எறக்கிடறேன். வண்டிக்காரன்கிட்ட சொல்லிட்டேன்."

அப்பா நூலைச் சரிபார்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "வேணாம் பாய். அது எங்களுது. நாங்களே பாத்துக்கறோம். உங்க எடத்துல ஒரு இஞ்ச் கூட வராது, கவலப்படாதீங்க."

அப்பா என்ன நினைத்துச் சொன்னார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வேலி முழுக்க எங்கள் நிலத்தில் போகிறது, அதற்கு அவர் எதற்குக் கல் வாங்க வேண்டும் என்ற நியாயம்தான். ஏன் உள்ளே தள்ளிப் போடுகிறோம் என்று சொல்ல வேண்டுமென்றால் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அவரால் சொல்ல முடியாது. பெரியப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். தெருவோரம் இருந்த எல்லைக்கல்லைப் பார்த்தார், உள்ளே தள்ளிக் கட்டியிருந்த நூலைப் பார்த்தார். நடுவில் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார்.

"சரிங்க சார்," என்றார்.

அதுவரை தம்பி என்றுதான் கூப்பிடுவார். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்த எனக்கோ அதற்கு அர்த்தம் தெரியாத வயது.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எங்கள் வேலி முடிந்துவிட்டது. மூலைக்கல்லுக்கு மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். மறுநாள் காலை பெரியம்மா வழக்கம்போலக் கல்லுக்குக் கல் தாவி வந்தவர், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். கையில் ஒரு கிண்ணம் இருந்தது. கம்பி வழியாக நீட்டினார், அம்மா வாங்கிக்கொண்டாள். "முந்தானைய பாத்துக்கக்கா, முள்ளு," என்றாள் அம்மா. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார். இனி எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் தெருவைச் சுற்றி, கேட்டைத் தட்டி, யாராவது திறந்து வாங்க என்று சொன்ன பிறகுதான் வர முடியும். அம்மியருகே உட்கார்ந்து மிளகாய் அரைக்க அப்படி யாரும் வர மாட்டார்கள்.

ஆடி மாதத்தில் பெரியப்பா தன் எல்லைக்கல்லில் ஆரம்பித்துத் தனியாக ஒரு வேலி போட்டுக்கொண்டார். இப்போது இரண்டு வேலி, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஒரு கூம்பு நிலம். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. "நாம போட்டதே அவருக்கும் காவல்தானே? எதுக்கு இன்னொண்ணு? நம்மள நம்பல போலருக்கு," என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவரும் அடிபட்டவர் மாதிரித்தான் நடந்துகொண்டார். அந்த இடுக்கில் எருக்கும் சீமைக்கருவேலும் முளைத்தன. என் ரப்பர் பந்துகள், பூப்பந்து இறகு, அந்தப் பையனின் பட்டம், கொடியிலிருந்து பறந்துபோன அப்பாவின் கைக்குட்டை எல்லாம் அதற்குள் விழுந்து அங்கேயே மக்கின. எடுக்க இரண்டு பக்கத்திலிருந்தும் வழியில்லை, தெருப்பக்க வாயையும் கருவேல முள் அடைத்துவிட்டது.

அந்த வருஷ நோன்புக்குக் கஞ்சி வரவில்லை. பெரியம்மா வீட்டுத் தூக்குவாளி ஒன்று எங்களிடம் இருந்தது. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று, பொங்கலுக்குச் சர்க்கரைப்பொங்கல் வைத்துக் கொடுக்க அம்மா அதைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். பொங்கலன்று, "அவங்க வரலையே, நாம எப்படிப் போறது?" என்றாள். அக்கா என்பது போய் அவங்க ஆகிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு யாரோடும் அப்படி ஒட்டவில்லை. பகல் முழுக்க ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது காட்டுப்பாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு முகப்பேர் வந்தோம். தங்கைக்குப் பிறகு எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கவில்லை. அந்தக் கோமுகத்தால் என்ன நன்மை வந்தது என்று அப்பாவிடம் கேட்க நினைத்ததுண்டு. கேட்பதற்குள் அவரும் போய்விட்டார்.

போன மாதக் கதைக்கு வருகிறேன். ஒரு பில்டர் இரண்டு மனைகளையும் சேர்த்து அடுக்ககம் கட்டக் கேட்டான். முக்காலியில் மிஷின் வைத்து ஒரு பையன் அளந்துகொண்டிருந்தான். அங்கே பெரியம்மாவின் மகனைப் பார்த்தேன். தாடி வெளுத்து, பெரியப்பாவே நிற்பது போல இருந்தான். பெரியம்மா கொரோனா சமயத்தில் இறந்துவிட்டதாக அப்போதுதான் சொன்னான். கருவேல மரங்களுக்கு நடுவில் எங்கள் கல்கால்கள் சாய்ந்து நின்றன.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?" என்றான்.

"கேளுடா."

"உங்கப்பா ஏன் இந்த எடத்த உட்டாரு? எங்க அத்தா இன்னா சொல்வாரு தெரியுமா? அவங்களுக்கு நம்ம மேல படாம இருக்கணும்பா, நம்ம வேலிகூட அவங்க மேல படக் கூடாது, அதான் நடுவுல எடம் உட்டுகினாங்க, நாம அது உள்ள கால் வெக்கக் கூடாதுன்னுவாரு."

சொன்னேன். விபூதிக்காரர், சிம்மமுகம், தங்கை, எல்லாவற்றையும். அவன் முதலில் சிரித்தான். "வாஸ்துவா? அட இன்னாக்கா நீ!" என்று இரண்டு முறை சொன்னான். பிறகு விழுந்து கிடந்த கல்கால் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மாக்கு இது தெரியாம பூடுச்சேக்கா. அது கடைசி வரிக்கும் ஒண்ணே ஒண்ணத்தான் கேட்டுகினு இருந்துச்சு. அந்த கொழந்தைய நான்தானே குளிப்பாட்டுனேன், நான் தொட்டதாலதான் பூட்டுச்சுன்னு அவ நெனச்சிட்டாளா, அதுக்குத்தான் வேலி போட்டாளான்னு."

முகப்பேருக்கு ஆட்டோவில் திரும்பும்போது, இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் எனக்குள் போராட்டம். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், கண் நன்றாகத் தெரியும், ஞாபகம் அதைவிட நன்றாக இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் அவள், அக்கா தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தாள். பொய்யான ஒரு வருத்தத்தோடு அவளை விட்டுவிடலாமா, உண்மையான வருத்தத்தைக் கொடுப்பதா? என்னால் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா அவர்கிட்ட சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். இன்னொரு பட்டாணியை உரித்துப் போட்டுவிட்டு, "அவரு, நான் அக்காகிட்ட சொல்லியிருப்பேன்னு நெனச்சிருப்பாரு."

பட்டாணித் தோலைத் தட்டில் ஒதுக்கினாள். "தொட்டதாலயா? அவ மடியில படுத்தாதாண்டி அந்தக் கொழந்த அழுகையை நிறுத்தும். என்கிட்டகூட அப்பிடி இருந்ததில்ல. இத நான் அவகிட்ட சொன்னதே இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொண்டாள்.

"நாம இங்க வந்த அன்னிக்கு, லாரில சாமான் ஏத்திட்டிருந்தோமில்ல? அவ மொட்டமாடில நின்னா. நான் லாரில ஏறும்போது கைய தூக்குனா. நான் பாக்காத மாதிரி முன்னாடி ஏறி உக்காந்துட்டேன். துணி காயப்போடறா, நம்மள எங்க கூப்புடப் போறான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

உரித்த பட்டாணிக் கிண்ணத்தை அம்மா என் பக்கம் தள்ளினாள்.

"கொடியில துணியே இல்லடி," என்றாள்.